அளவறிதல்: பாலை பாடிய புலவர்களும் வளங்குன்றா வளர்ச்சியும்

1. ஆராய்ச்சிக்குரிய பொருள்

‘வளங்குன்றா வளர்ச்சி’ என்னும் தொடர் இன்று அரசின் அறிக்கைகளிலும் பள்ளிப் பாடங்களிலும் மேடைகளிலும் பெருவழக்காய் வழங்குகின்றது. 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் புருண்ட்லாந்து அம்மையார் தலைமையில் அமைந்த குழு, இன்றைய மக்களின் தேவையை நிறைவு செய்யுங்கால் நாளைய மக்கள் தம் தேவையை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் குலைத்தல் ஆகாது என்று இக்கருத்தை வரையறுத்தது. அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னரே, 1972இல், வளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு என ரோம் மன்றத்தின் ஆய்வு எச்சரித்தது. அவ்வாண்டே ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் சூழல் குறித்துக் கூடின.

தமிழ் இலக்கியம் பயில்வார் இப்பொருளை எங்ஙனம் எதிர்கொள்கின்றனர் என்பதே ஈண்டு ஆராயப் புகுவது. கருத்தரங்குகளில் இரு போக்குகள் காணப்படுகின்றன. இக்காலத்தார் கூறுவன அனைத்தையும் நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர் என்பது ஒன்று. பழம்பாடல்களுக்கும் இன்றைய வெப்ப மாறுதலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது அறிவியலாரின் வேலை என்பது மற்றொன்று. முதற்போக்கு நூலைப் படியாமலே போற்றுவது. இரண்டாவது நூலைப் படியாமலே தள்ளுவது. இரண்டும் பொருந்தா என்பதும், பழநூல்கள் இப்பொருளில் சிலவற்றைத் தெளிவுறக் கூறுகின்றன, சிலவற்றைக் கூறவே இல்லை என்பதும், அவ்விரண்டையும் பிரித்தறிதலே திறனாய்வாளன் கடன் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

பொதுநிலையில் பேசின் எதுவும் உண்மைபோலத் தோன்றும். ஆதலின் ஒரு நிலப்பகுதியை முன்னிறுத்திக்கொண்டு ஆராய்தல் நன்று. அரியலூர் மாவட்டத்தின் வடகிழக்கே ஆண்டிமடத்தை அடுத்துள்ள வரதராஜன்பேட்டையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் செம்மண் மேட்டு நிலத்தில் அமைந்தவை; முந்திரி விளைபவை. தெற்கே கங்கைகொண்ட சோழபுரமும் சோழகங்கமும் உள. மேற்கே அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள. சயங்கொண்டம் பகுதியில் நிலத்தடியே பழுப்பு நிலக்கரி கிடக்கின்றது. ஏரி, கல், கரி, மானாவாரி நிலம் என்னும் நான்கும் ஒருநாட் பயண எல்லைக்குள் அடங்கிய இப்பகுதி, வளமும் எல்லையும் பற்றிய வினாவுக்கு ஏற்ற உரைகல் ஆகும்.

2. சொற்களின் ஆய்வு

முதற்கண் சொல்லை ஆராய்வோம். இக்கருத்தினைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் அன்று, பல சொற்கள் வழங்குகின்றன. ‘வளங்குன்றா வளர்ச்சி’, ‘நிலையான வளர்ச்சி’, ‘நீடித்த வளர்ச்சி’, ‘பேண்தகு வளர்ச்சி’ என்பன தமிழகத்து வழக்கு. இலங்கைத் தமிழர் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்பர். இவை ஒருபொருட் கிளவிகள் என்று எண்ணுதல் எளிது. ஆயின் அவை ஒன்றல்ல.

‘நிலையான வளர்ச்சி’ என்புழி நிலைத்திருப்பது யாது? வளர்ச்சி. ‘நீடித்த வளர்ச்சி’ என்புழி நீடிப்பது யாது? அதுவும் வளர்ச்சியே. நிலம் நிலைக்குமா, நீர் நீடிக்குமா என்னும் வினா இச்சொற்களில் எழவே இல்லை. ஓராலை ஆண்டுதோறும் முன்னாண்டினும் மிகுதியாக உற்பத்தி செய்து கொண்டே சென்றால், அதனையும் ‘நிலையான வளர்ச்சி’ என்று பிழையின்றி எழுதலாம். எல்லையை உணர்த்துதற்கு எழுந்த கருத்து எல்லையின்மையை உணர்த்தும் சொல்லாக மாறிவிட்டது என்க.

‘வளங்குன்றா வளர்ச்சி’ என்பது இவற்றினும் சிறந்தது. இத்தொடரில் குன்றாதிருக்க வேண்டியது வளம். வளர்ச்சி அந்நிபந்தனைக்கு உட்பட்டது. ஆயின் இச்சொல்லின் சிறப்பே அதனைக் கடிய அளவுகோலாகவும் ஆக்குகின்றது. நிலத்திலிருந்து வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல் மீண்டும் அந்நிலத்தில் விளையாது. எனவே, சுரங்கத் தொழிலை ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று அழைத்தல் சொல்லளவிலேயே முரண் ஆகும். அங்ஙனமாயின் அத்தொழிலைக் கைவிடல் வேண்டுமா? அன்றி அதனை அளக்க வேறோர் அளவுகோல் உண்டா? இவ்வினாவோடு பழநூல்களை அணுகுவோம்.

3. யானையும் வயலும்

புறநானூற்று 184ஆம் பாடல் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைத்தது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுப்பின் ஒரு மாவினும் சிறிய நிலத்தின் விளைவே யானைக்குப் பன்னாள் உணவாகும். யானையே வயலுட் புகுந்து மேய்வதாயின், நூறு வயலாயினும் அதன் வாயிற் புகுவதினும் காலிற் கெடுவதே மிகும் என்பது பாடற்கருத்து. அரசன் இறை கொள்ளும் முறைக்கு இஃது உவமை.

இப்பாடலை இயற்கைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். காட்டுதல் தவறன்று. ஆயின் அவர் பெரும்பாலும் கருதாது விடுவன மூன்று.

ஒன்று: பாடல் உண்ணாதே என்று கூறவில்லை. யானை உண்ண வேண்டும் என்பதைப் புலவர் மறுக்கவில்லை. உண்ணும் அளவும் அழிக்கும் அளவும் வேறு வேறு என்பதே அவர் கூறுவது. காலிற் கெடுவதற்கும் வாயிற் புகுவதற்கும் உள்ள விகிதமே அவர் அளவுகோல். இக்காலத்துப் பொருளியலார் ஓர் உற்பத்தியின் பயனையும், அவ்வுற்பத்தியால் பிறர்க்கு நேரும் கேட்டையும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும் என்பர். அக்கணக்கின் வித்து இவ்வுவமையில் உளது.

இரண்டு: அறிவுரை யானைக்கே உரியது, வயலுக்கு அன்று. நீ குறைவாக விளை என்று வயலுக்கு யாரும் அறிவுரை கூறார். இன்று உலக நாடுகளின் பேச்சுவார்த்தையில் நிகழ்வது என்னை? அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் வெளிப்படும் கரியமில வாயு ஏறத்தாழ 14 டன். இந்தியாவில் ஏறத்தாழ 2 டன். இவ்விருவரையும் ஒரே குரலில் ‘சிக்கனமாக வாழ்க’ என்பது யானையையும் வயலையும் ஒன்றாக்கிப் பேசுவதாகும். 1992இல் ரியோ நகரில் நாடுகள் கையொப்பமிட்ட காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு அனைவர்க்கும் பொதுவாயினும் அதன் அளவு வேறுபடும் என்னும் நெறியை ஏற்றது. பிசிராந்தையாரின் அறமும் அதுவே. அந்நெறி நாட்டின் எல்லைக்குள்ளும் பொருந்தும். மும்முறை காரில் செல்பவனும் பேருந்துக்குக் காத்து நிற்பவளும் ‘இந்தியர்’ என்னும் ஒரு பெயருள் மறைந்துவிடல் ஆகாது.

மூன்று: அரசன் மட்டும் பாடலிற் குற்றஞ் சாட்டப்படவில்லை; தரம் அறியாது ஆரவாரிக்கும் அவன் சுற்றமும் குற்றஞ் சாட்டப்படுகின்றது. அளவு தெரிந்தும் அதனை எடுத்துரையாதாரின் பொறுப்பு இதனால் சுட்டப்படுகின்றது. கற்றார் இவ்வரிசையில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நினைத்தல் நன்று.

4. நீர்நிலை என்னும் வளர்ச்சி

பழந்தமிழ்ப் புலவர் வளர்ச்சிக்கு எதிரானவர் அல்லர். புறநானூற்று 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைப்பது வளர்ச்சித் திட்டமே ஆகும். உணவு கொடுத்தோர் உயிர் கொடுத்தோர். உணவாவது நிலமும் நீரும் கூடியது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நிலம் எத்துணைப் பரந்ததாயினும் அரசன் முயற்சிக்கு உதவாது. ஆதலின் நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்குக என்பது அவர் வேண்டுகோள். மறுமையும் வெற்றியும் புகழும் விரும்பும் மன்னனுக்கு, அம்மூன்றையும் பெறும் வழியாக அவர் காட்டுவது போரை அன்று, ஏரியை. தலையாலங்கானத்துச் செருவென்றவனிடம் இதனைக் கூறினார் என்பது கருதத்தக்கது.

இவ்வறிவுரையைப் பின்னாளில் பேரளவில் செயற்படுத்திய இடம் நாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதியிலேயே உளது. முதலாம் இராசேந்திரன் கங்கைவரை சென்ற படையெடுப்பின் நினைவாக வெட்டுவித்த சோழகங்கத்தை, நீரால் அமைந்த வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு சிறப்பிக்கின்றது. கல்லில் நாட்டற்குரிய வெற்றித்தூணை நீரில் நாட்டினான் என்னும் இவ்வுருவகம் குடபுலவியனாரின் கருத்தோடு ஒத்து நிற்பது. பொன்னேரி எனவும் வழங்கும் அவ்வேரியின் கரை 16 மைல் நீளமுடையது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்கள் வந்தன என்பதும் அக்குறிப்பால் அறியலாகும்.

அக்குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி பாழ்பட்டுக் கிடந்தது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. பழைய நீர்ப்பணியின் நகரத்துக் கற்களே புதிய நீர்ப்பணிக்கு உதவின. இதனை வெறும் அழிவு என்பதும் பொருந்தாது. வெறும் ஆக்கம் என்பதும் பொருந்தாது. கீழணையால் இன்றும் வயல்கள் பாய்கின்றன, மதிலோ மீளவில்லை. வளர்ச்சி என்பது பெரும்பாலும் இத்தகைய மாற்றீடே. எதனைக் கொடுத்து எதனைப் பெற்றோம் என்னும் கணக்கை வெளிப்படையாக எழுதுதலே நேர்மை.

ஏரி வெட்டுவதினும் பேணுவது அரிது என்பதும் சோழகங்கத்தால் விளங்கும். வரத்துக்கால் தூர்ந்தால் கரை எத்துணை உயர்ந்திருப்பினும் பயனில்லை. இப்பகுதியின் மற்றொரு பெருநீர்நிலையாகிய கரைவெட்டி ஏரி, வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் சிறப்பால் 2024 சனவரியில் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. அஃது இயற்கையின் கொடை மட்டும் அன்று. கால்வாய் நீரும் உழவர் பயன்பாடும் சேர்ந்து காத்த ஏரி. மக்களை விலக்கினால்தான் இயற்கை பிழைக்கும் என்பார் கூற்று இங்குப் பொருந்துமாறில்லை.

இனி, வரதராஜன்பேட்டைச் செம்மண்ணைக் கருதுக. குடபுலவியனார் குறித்த வானம் பார்த்த நிலம் இதுவே. ஆயின் அவர் அறியாத ஒரு மரம் இதில் நிற்கின்றது. முந்திரி பிரேசில் நாட்டு மரம்; போர்ச்சுகீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. ஏரி கட்டற்கேலாத மேட்டில் மழைநீரை மட்டும் கொண்டு பயன் தரும் இம்மரம் வந்தேறியாயினும் நிலத்தின் அளவுக்கு இயைந்தது. பழையது நல்லது, புதியது தீயது என்னும் எளிய பாகுபாட்டை இம்மரம் மறுத்து நிற்கின்றது. இதற்கும் எல்லை உண்டு என்பதை 2011 டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தில் காட்டியது. பல்லாண்டு வளர்த்த தோப்புகள் ஓரிரவில் வீழ்ந்தன. புதுக்கன்று நட்டுப் பயன் கொள்ளச் சில ஆண்டுகள் வேண்டும். அதுகாறும் அக்குடும்பம் உண்பது எவ்வாறு என்பதே காலநிலை மாற்றம் சிற்றூரில் எழுப்பும் வினா.

5. முதலும் ஊதியமும்

சுண்ணாம்புக்கல் பற்றிய வினாவுக்குத் திருக்குறள் துணை செய்கின்றது. ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், வரும் ஊதியத்தைக் கருதி உள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்கின்றார். அதனை அடுத்த ‘வலியறிதல்’ அதிகாரத்தில், மென்மையான மயிற்பீலியாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றும், கிளையின் நுனிவரை ஏறியவன் மேலும் ஏற முயன்றால் உயிர் இழப்பான் என்றும், வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாவிடின் கேடில்லை என்றும் உரைக்கின்றார். அளவறியாது வாழ்பவன் வாழ்க்கை இருப்பது போலத் தோன்றி இல்லாதொழியும் என்பதும் அவ்வதிகாரத்துக் கருத்து.

மயிற்பீலி உவமையின் நுட்பம் ஒன்று உண்டு. ஏற்றப்படும் பொருள் தீயது அன்று, கனமானதும் அன்று. ஒவ்வொரு பீலியும் தனித்தனியே குற்றமற்றது. முறிவுக்குக் காரணம் பொருளின் தன்மை அன்று, தொகை. கரியமில வாயுவும் அத்தகையதே. அது நஞ்சன்று, நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவிடுவது, பயிருக்கு உணவாவது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்கு இருந்த அது இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. தீமை தொகையில் உள்ளது. தீய பொருளைக் கண்டு அஞ்சுவது மனிதர்க்கு எளிது. நல்ல பொருளின் மிகுதியைக் கண்டு அஞ்சுவது அரிது. சமுதாயம் இச்செய்தியில் காலம் தாழ்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அரியலூர்ப் பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியம் என்னும் காலத்தில், கடலால் மூடப்பட்டிருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணமும் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரம் அக்காலத்தின் சான்று. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் இட்டுச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். எஞ்சுவது 56 கிலோ சுண்ணம். எரிபொருளின் புகை இதற்கும் மேற்பட்டது. உலகில் மாந்தர் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலால் ஆவது. எரிபொருளை மாற்றினாலும், கல்லினின்று பிரியும் வாயு நிற்காது என்பதே இத்தொழிலின் தனிச் சிக்கல். கடல் கல்லாக்கிச் சேமித்த கரியை நாம் மீண்டும் காற்றாக்குகின்றோம்.

ஆயின் சிமெண்டின்றி வீடும் மருத்துவமனையும் பாலமும் எங்ஙனம் எழும்? மண்சுவர் இடிந்து விழும் அச்சமின்றி மழைநாளில் உறங்குதல் ஏழைக்கு ஆடம்பரம் ஆகாது. ஆகவே வள்ளுவரின் அளவுகோலை இவ்வாறு பொருத்தலாம்: முதல் அழிகின்றது என்பதை ஒப்புக்கொள்க. அழியும் முதலுக்கு ஈடாக வேறோர் முதல் அதே நிலத்தில் உண்டாகின்றதா என்று கேட்க. பள்ளி, நீர்நிலை, மீட்கப்பட்ட மண், தொழிலறிவு பெற்ற இளைஞர் ஆகியனவாக அது மாறினால் செலவு, மாறாவிடின் இழப்பு. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் மழைநீர் தேங்குவதைக் காட்டி, இவை புதிய ஏரிகள் என்பாரும் உளர். குழி வேறு, ஏரி வேறு. வரத்துக்காலும் கரையும் மதகும் கலிங்கும் கீழே ஆயக்கட்டும் உடையது ஏரி. இவற்றை அமைத்தால் குழியும் ஏரியாகலாம். அமைக்காமல் பெயரை மட்டும் மாற்றுதல் முன்னர்க் கூறிய சொல் மயக்கத்தின் பாற்படும்.

6. பாலையின் பிறப்பு

வறட்சி பற்றிய தமிழ்ச் சொற்பொழிவுகளில் தவறாது இடம்பெறுவது சிலப்பதிகாரக் காடுகாண் காதையின் பகுதி ஒன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையின் வடிவம் கொள்ளும் என்பது அதன் கருத்து. மாங்காட்டு மறையோன் மதுரை வழியை உரைக்குங்கால் கூறுவது இது. பாலை தனிநிலம் அன்று, பிற நிலங்கள் கெட்டு ஆவது என்பதற்கு இதனையே சான்றாகக் காட்டுவர்.

அப்பகுதியை எடுத்துக்காட்டுவோர் அதற்குச் சற்று முன் நிற்கும் உவமையை விட்டுவிடுகின்றனர். ஆனால் வாக்கியம் அவ்வுவமையோடுதான் தொடங்குகின்றது. அரசனும் அவன் ஏவல் செய்யும் அதிகாரிகளும் முறை கோடியதால் ஆட்சியிழந்த நாட்டைப் போல, வேனிலும் வெங்கதிரும் கூடியதால் நிலம் கெட்டது என்கின்றார் இளங்கோவடிகள். வெயிலின் கொடுமைக்கு ஆட்சியின் கொடுமை உவமையாகின்றது. ஆட்சியறம் பிழைத்தலைக் கூற எழுந்த காப்பியத்தில், பாண்டியன் நகரை நோக்கிச் செல்லும் வழியில், இவ்வுவமை வாளா வந்ததன்று. உவமையை நீக்கிப் படிப்பார்க்குப் பாலை ஓர் இயற்கை நிகழ்ச்சி. உவமையோடு படிப்பார்க்கு நிலத்தின் கேடும் முறையின் கேடும் ஒன்றையொன்று விளக்குவன. இன்று வறட்சியை ‘இயற்கையின் சீற்றம்’ என்று கூறிக் கடந்து செல்வோர் முதல் வகைப் படிப்பாளர் போல்வர்.

இனி, இப்பகுதியில் மற்றொன்றும் உண்டு. தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலும் வேனிலும் பொழுதாக வகுத்து, நிலம் வகுக்காது விட்டது. இளங்கோவடிகளும் நிலங்கள் பாலையின் ‘படிவம்’ கொள்ளும் காலம் வந்தது என்றாரேயன்றி, என்றும் பாலையாய் ஒழிந்தன என்றிலர். வேனில் நீங்கிக் கார் வந்தால் முல்லை மீண்டும் முல்லையாம். பழந்தமிழ் மரபில் பாலை மீளக்கூடியது. இந்நம்பிக்கை அகப்பாடல்களின் பிரிவுக்கும் அடிப்படை: பாலை வழிச் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான்.

இவ்விடத்தேதான் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்னும் கூற்று நின்றுவிடுகின்றது. காற்றிற் கலந்த கரியமில வாயுவின் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் நீங்காது. வெட்டிய கல் மீளாது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையினும் ஏறத்தாழ 1.55 பாகை செல்சியசு மிகுந்த வெப்பமுடையதாயிற்று. 2015இல் பாரிசு உடன்படிக்கை நீண்டகால நோக்கில் 1.5 பாகைக்குள் நிறுத்த முயல வேண்டும் என்றது. ஓராண்டின் மிகுதியால் அந்நோக்கம் முற்றும் தோற்றது என்பது பொருளன்று. ஆயினும் எல்லை அண்மையில் உள்ளது என்பது பொருள். மீளும் பாலையைப் பாடிய மரபு, மீளாப் பாலையைப் பாடியதில்லை. அவ்வகைப் பாலை அவர் அறிவுக்கும் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டது. இதனை ஒப்புக்கொள்வதால் அப்புலவர் பெருமை குறையாது. ஒப்புக்கொள்ளாவிடின் நம் நேர்மை குறையும்.

7. பேய்களின் பசி

சோழ அரசின் உச்சத்தில் எழுந்த கலிங்கத்துப்பரணி இவ்வாராய்ச்சிக்கு எதிர்பாராத ஒளி தருகின்றது. முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டார், ‘காடு பாடியது’ என்னும் பகுதியில் காளி உறையும் பாலையை வருணிக்கின்றார். தரை நெருப்பைத் தகடாக அடித்தது போன்றது. நிழலும் அங்கே நிற்க அஞ்சி ஓடிவிட்டது என்று அவர் கற்பனை விரிகின்றது. இவற்றை உயர்வு நவிற்சிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் பயிற்றுதல் வழக்கம்.

பரணியின் கட்டுக்கோப்பை நோக்கினால் இப்பாலைக்கு ஒரு பணி இருப்பது புலனாகும். அப்பாலையில் பேய்கள் பசியால் வாடுகின்றன, காளியிடம் முறையிடுகின்றன. அப்பசி தீர்வது எங்ஙனம்? மழையாலன்று, உழவாலன்று, தொலைவிலுள்ள கலிங்கத்தின் அழிவால். போர்க்களத்தில் கூழ் அட்டு உண்டு பேய்கள் களிக்கின்றன. உள்நாட்டுப் பாலையின் பசி அயல்நாட்டுப் பிணத்தால் தணிகின்றது. நீரை வெற்றித்தூணாக நாட்டிய அதே அரசமரபு, சில தலைமுறைக்குள் இத்தகைய விருந்தைப் பாட்டுடைப் பொருளாகக் கொண்டது. புலவர் இதனைக் குறிப்பால் இடித்துரைத்தார் என்று கூற நூலிற் சான்றில்லை. பரணி இலக்கணம் அத்தகையது. ஆயினும் இலக்கியம் தன் காலத்தின் எண்ணப்போக்கைத் தானறியாமலும் காட்டும்.

தன் எல்லையைப் பிறர் நிலத்தில் தீர்த்துக்கொள்ளும் இவ்வெண்ணம் இன்றும் உளது. நகரத்தின் மின்னொளிக்கு ஊரின் நிலம் வேண்டும் என்பது அதன் இக்கால வடிவம். நெய்வேலியில் 1950களில் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தமிழகத்தின் தொழில் வளர்ச்சிக்குப் பெருந்துணை செய்தது. அதனை மறுப்பது நன்றியின்மை. சுரங்கத்தின் அடித்தளம் கீழிருந்து அழுத்தும் நீரால் உடையாதிருக்க, நிலத்தடி நீரை இடையறாது இறைத்தல் அங்கு வேண்டியதாயிற்று, இதுவும் மறுத்தற்கில்லை. சயங்கொண்டம் பகுதியிலும் அத்தகைய திட்டத்துக்கென 1990களில் நிலங்கொள்ளும் முயற்சி தொடங்கிற்று. வழக்குகளிலும் ஐயத்திலும் உழவர் கால்நூற்றாண்டு கழித்தபின் அண்மை ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சுரங்கமும் வராது, நிலமும் தனதென்று துணியலாகாது ஒரு தலைமுறை நின்றது. யானை உண்ணவும் இல்லை, வயலை விட்டு நீங்கவும் இல்லை என்னும் இந்நிலைக்குப் புறநானூற்றிலும் உவமை இல்லை.

2023 மார்ச்சு இறுதியில் மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு, வடசேரி ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழக அரசும் உழவரும் எதிர்த்தமையால் ஒன்றிய அரசு சில நாட்களுக்குள் அவற்றை நீக்கிற்று. சொல்லப்படும் காலத்தில் சொல்லப்பட்ட மறுப்புக்குப் பயன் உண்டு என்பதற்கு இது சான்று. ஆயின் மின்சாரம் வேண்டாதார் யாருமில்லை. ஓரிடத்துக் கரியை மறுத்துவிட்டு மற்றோரிடத்துக் கரியால் விளக்கேற்றுதல் பரணியின் வழியே ஆகும். கதிரொளியும் காற்றும் தரும் மின்னாற்றலைப் பெருக்குதலும், வேண்டாத செலவைக் குறைத்தலும் அம்மறுப்பின் மறுபாதி.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. பழந்தமிழ் இலக்கியம் காலநிலை அறிவியலைக் கூறவில்லை. அதனை அதனுள் தேடுதல் வீண். மீளாக் கேடு என்னும் இக்காலக் கருத்தும் அதில் இல்லை. ஆயின் இன்றைய பேச்சில் மங்கிவரும் மூன்று அளவுகளை அது தெளிவுறத் தருகின்றது. உண்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள விகிதம் என்பது பிசிராந்தையார் தரும் அளவு. முதலுக்கும் ஊதியத்துக்கும் உள்ள வேறுபாடு வள்ளுவர் தரும் அளவு. நிலத்தின் கேட்டையும் முறையின் கேட்டையும் சேர்த்தே காணுதல் இளங்கோவடிகள் தரும் அளவு. இம்மூன்றும் அரசனை நோக்கியோ அரசியலை நோக்கியோ கூறப்பட்டவை. எளியாரை நோக்கிச் சிக்கனம் போதித்தவை அல்ல.

‘வளங்குன்றா வளர்ச்சி’ என்னும் தொடரை விலக்க வேண்டுவதில்லை. அதனை வாழ்த்துரையாக வழங்காது வினாவாக வழங்குதல் வேண்டும். எவ்வளம், எந்நிலத்தில், எத்துணைக் காலத்துக்குக் குன்றாது, குன்றுமாயின் ஈடு யாது என்னும் வினாக்களுக்கு விடை தராத திட்டம் அப்பெயருக்குத் தகுதியுடையது அன்று.

தமிழ்த்துறைகளுக்கும் இதில் ஒரு பணி உண்டு. முந்திரித் தோப்பிலிருந்தும் சுரங்கத்தை அடுத்த குடியிருப்பிலிருந்தும் வரும் மாணவர் புறநானூற்றைப் பயில்கின்றனர். ஏரியின் மதகையும் கலிங்கையும் பெயர் சொல்லி அறிந்த முதியோர் அவர்தம் இல்லங்களில் இன்னும் உளர். அச்சொற்களைத் தொகுத்தல், எந்தக் கால் எப்போது தூர்ந்தது என்பதைக் கேட்டெழுதுதல், கல்வெட்டுக்களில் உள்ள நீர்ப்பங்கீட்டு முறைகளை இன்றைய ஊர்க்கணக்கோடு ஒப்பிடுதல் ஆகியன மொழியாராய்ச்சியும் ஆகும், நாட்டுப்பணியும் ஆகும். பொறியாளர் ஒருவர் பழைய கால்வாயைத் தேடிவரும் நாளில், அதன் பெயரையும் போக்கையும் எடுத்துக் கொடுக்கும் நிலையில் நாம் இருத்தல் வேண்டும். அளவை அறிந்து உரைப்பதே குடபுலவியனாரும் பிசிராந்தையாரும் தம் காலத்தில் செய்தது. அத்தொழில் கற்றார்க்கு இன்றும் உரியது.